குழந்தைகளுக்குப் பிடிக்காத கேப்டன்

போன கோடை விடுமுறையில் அக்கா வீட்டில் ஒரு பஞ்சாயத்து. ‘பீட்டர் பேன்’ விளையாட்டில் கேப்டன் ஹூக் யார் என்பதில் சண்டை. ஆறு வயதுப் பெண்ணும் எட்டு வயதுப் பையனும் துணி மாட்டும் ஹேங்கர் ஒன்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஹேங்கரின் வளைந்த கம்பிதான் கேப்டனின் இரும்புக் கொக்கி. கடைசியில் சின்னவள் ஜெயித்தாள். ஹேங்கரைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டு, கொக்கி மட்டும் வெளியே தெரியும்படி கட்டில்மேல் ஏறி நின்றாள். இடது கையில். பீட்டராக இருக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

இதைப் பார்த்திருந்தால் பீட்டர் பேன் கதையை எழுதிய ஜே.எம். பேரி இரண்டு முறை திடுக்கிட்டிருப்பார். அவர் எழுதிய ஹூக்குக்குப் போனது வலது கை. அதை இடது கையாக்கியது 1953-ல் வந்த டிஸ்னி கார்ட்டூன். இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது. பேரியின் நாடகத்தில், கடைசி அங்கத்தில், கப்பல் தளத்தில் நின்று ஹூக் புலம்புகிறான். தன்னை எந்தக் குழந்தைக்கும் பிடிப்பதில்லை. பிள்ளைகள் பீட்டர் பேன் விளையாடும்போது இருப்பதிலேயே பலசாலிதான் பீட்டர் ஆகிறானாம். ஹூக் வேஷத்தை யாரும் ஏற்காததால் அதைக் கைக்குழந்தையின் தலையில் கட்டிவிடுகிறார்களாம். போயும் போயும் கைக்குழந்தை! அதுதான் அவனை உள்ளே அரிக்கிறது.

இந்தக் கதையைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் புலம்பலுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். பீட்டர் வளரமாட்டேன் என்று அடம்பிடிப்பவன். அவனை மாற்ற வழியில்லை. நூறு வருஷமாக மாறிக்கொண்டே வந்தவன் கடற்கொள்ளைக்காரன்தான்.

கதை பிறந்தது மேடையில். 1904 டிசம்பர் 27 அன்று லண்டனின் டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் நாடகம் அரங்கேறியது. நாவல் வடிவம் 1911-ல்தான் வந்தது. டார்லிங் வீட்டுப் பிள்ளைகள் வெண்டி, ஜான், மைக்கேல் மூவரையும் பீட்டர் பறக்கக் கற்றுக்கொடுத்து நெவர்லேண்ட் தீவுக்குக் கூட்டிப்போகிறான். அங்கே அம்மா இல்லாத பையன்கள், தேவதைகள், பழங்குடியினர், கப்பல் நிறையக் கொள்ளையர்கள். ஹூக்கின் கையை வெட்டி முதலைக்குப் போட்டவன் பீட்டர். ருசி கண்ட முதலை மிச்சத்தையும் தின்னத் துரத்துகிறது. அது ஒரு கடிகாரத்தையும் விழுங்கியிருப்பதால் ‘டிக் டிக்’ சத்தம் கேட்டாலே கேப்டனுக்கு உயிர் போகும்.

இவ்வளவு முக்கியமான ஆள் பேரியின் முதல் திட்டத்தில் கிடையாது. ஆரம்பக் குறிப்புகளில் வில்லன் பீட்டரேதான். பிசாசுப் பையன் என்றே எழுதி வைத்திருந்தார் பேரி. மேடையில் ஒரு செட்டைக் கழற்றி அடுத்ததைப் போட ஆட்களுக்கு அவகாசம் வேண்டும், அந்த நேரத்தில் முன்திரைக்கு முன்னால் நடத்த ஒரு காட்சி தேவைப்பட்டது, அப்படித்தான் கொள்ளையர் கப்பல் உள்ளே வந்தது என்று பேரியை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். செட் மாற்றும் நேரத்தை நிரப்ப வந்தவன் பாதி நாடகத்தைச் சுருட்டிக்கொண்டான்.

முதல் ஹூக் ஜெரால்ட் டு மோரியே. அதே நாடகத்தில் பிள்ளைகளின் அப்பா மிஸ்டர் டார்லிங்கும் அவரே. பின்னாளில் எழுத்தாளரான அவர் மகள் டாஃப்னி, அப்பாவின் ஹூக்கைப் பார்த்து அலறிய குழந்தைகளை அரங்கிலிருந்து தூக்கிக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறார். ராத்திரி மருந்து குடிக்க அடம்பிடிக்கும் அசட்டு அப்பாவும், பிள்ளைகளைப் பலகைமேல் நடக்கவிட்டுக் கடலில் தள்ளப் பார்க்கும் கொள்ளையனும் ஒரே முகம். இந்த இரட்டை வேடம் மேடை மரபாகவே நிலைத்துவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படமும் இதை என்ன செய்தது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

இன்னொன்று, பேரியின் ஹூக் சாதாரண முரடன் இல்லை. நாவலின்படி அது அவன் நிஜப்பெயரே இல்லை. நிஜப்பெயரைச் சொன்னால் நாடே பற்றி எரியுமாம். இங்கிலாந்தின் மேட்டுக்குடிப் பள்ளியான ஈட்டனில் படித்தவன். பிரபு தோரணை, ஒரே நேரத்தில் இரண்டு சுருட்டு புகைக்க ஒரு தனிக் குழாய், தன் ரத்தத்தைப் பார்த்தால் மட்டும் நடுக்கம். எல்லாவற்றுக்கும் மேல் ‘மரியாதையாக நடப்பது’ என்கிற பள்ளிக்கூடப் பித்து. கடைசிச் சண்டையில் தோற்கும்போதும் அவனுக்கு ஒரே ஆசை: பீட்டர் மரியாதை தவறி நடப்பதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கப்பல் விளிம்பில் நின்று, கத்தியால் குத்தாதே, காலால் உதை என்று சைகை காட்டுகிறான். பீட்டர் உதைக்கிறான். ‘மரியாதை கெட்டவன்’ என்று திருப்தியாகக் கத்திக்கொண்டே முதலை வாய்க்குள் போகிறான் ஹூக். சிரிக்கவும் முடியாது, பாவப்படவும் முடியாது. பிற்காலத்துச் சினிமாக்காரர்கள் பெரும்பாலும் தடுமாறியது இந்தக் கலவையில்தான்.

திரைக்கு முதலில் வந்தது 1924-ல், பாரமவுண்ட் எடுத்த மௌனப் படம். இயக்கம் ஹெர்பர்ட் பிரெனான், கேமரா ஜேம்ஸ் வாங் ஹோவ். பீட்டராக நடித்தது பெட்டி பிரான்சன் என்ற பதினேழு வயதுப் பெண், தேர்ந்தெடுத்தவர் பேரியே. பெண்கள் பீட்டராக நடிப்பது ஆங்கில மேடை வழக்கம் என்பதால் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. பேரி படத்துக்கென்றே நீளமாக ஒரு திரைக்கதையும் எழுதிக் கொடுத்தார். மேடையில் முடியாத பல சங்கதிகள் அதில் இருந்தன. ஸ்டுடியோ அதை ஓரமாக வைத்துவிட்டு நாடகத்தையே படமாக்கியது. மேடையில் செய்ததையே திரும்பச் செய்ய சினிமா எதற்கு என்று பேரி மனம் சலித்தார். நியாயமான கேள்விதான்.

ஆனால் நாடகத்தை அப்படியே எடுக்கப் போனதும் இரண்டு இடங்களில் சிக்கல் வந்தது. ஒன்று முதலை. மௌனப் படத்தில் ‘டிக் டிக்’ எப்படிக் கேட்கும்? எழுத்து அட்டையும் தியேட்டரில் வாசிக்கும் இசைக்காரர்களும்தான் கைகொடுக்க வேண்டும். இன்னொன்று கைதட்டல். நாடகத்தில் பீட்டரின் குட்டித் தேவதை டிங்கர் பெல் விஷம் குடித்துச் சாகக் கிடப்பாள். மேடையில் அவள் ஒரு வெளிச்சப் புள்ளி மட்டுமே. அது மங்கிக்கொண்டே வரும்போது பீட்டர் பார்வையாளர்களைப் பார்த்து, தேவதைகளை நம்புகிறவர்கள் கை தட்டுங்கள் என்று கெஞ்சுவான். முதல் காட்சியன்று யாரும் தட்டாவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், இசைக்குழுவினர் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டுத் தட்டவேண்டும் என்று பேரி ஏற்பாடு செய்திருந்தார். அதற்குத் தேவையே வரவில்லை. மேடையில் இது நிஜமான பேரம்: நீ தட்டினால்தான் அவள் பிழைப்பாள். சினிமாவில் பெட்டி பிரான்சன் கேமராவைப் பார்த்துக் கெஞ்சினார். தியேட்டரில் ஒருவரும் தட்டாவிட்டாலும் அடுத்த காட்சியில் டிங்கர் பெல் பிழைத்துவிடுவாள் என்பது ஃபிலிமில் எப்போதோ பதிவாகிவிட்டது.

எர்னஸ்ட் டாரன்ஸின் ஹூக் அந்தப் படத்தில் பழைய மேடை வில்லன். அப்பா வேடத்தில் வேறு நடிகர். கடைசியில் கொள்ளையர் கொடியை இறக்கிவிட்டு பீட்டர் அமெரிக்கக் கொடியை ஏற்றுகிறான். ஈட்டன் பள்ளியின் பழைய மாணவனைத் தோற்கடித்துவிட்டு அமெரிக்கக் கொடி! பல வருஷம் காணாமல் போய், பிறகு கண்டெடுக்கப்பட்ட இந்தப் படம் 2000-ல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது.

டிஸ்னி உரிமையை வாங்கியது 1939-ல். யாரிடமிருந்து என்பதில் ஒரு கிளைக்கதை உண்டு. 1929-ல் பேரி இந்தக் கதையின் உரிமையை லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தானமாக எழுதிக்கொடுத்தார். அதில் எவ்வளவு வருமானம் வருகிறது என்று வெளியே சொல்லக்கூடாது என்பது அவர் விருப்பம். மருத்துவமனை இன்றுவரை சொல்லவில்லை. 1987-ல் பிரிட்டனில் காப்புரிமைக் காலம் முடிந்தது. மறுவருஷம் முன்னாள் பிரதமர் ஜேம்ஸ் கேலஹன் கொண்டுவந்த திருத்தத்தால், அந்த நாட்டில் மட்டும் அதன் ராயல்டி மருத்துவமனைக்குக் காலவரையறை இல்லாமல் போய்ச் சேரும்படி சட்டமே வந்தது.

சரி, டிஸ்னிக்கு வருவோம். உலகப் போர் குறுக்கே வந்ததால் படம் முடிய 1953 ஆகிவிட்டது. முதலை வரும்போதெல்லாம் ஒலிக்கும் அந்த மெட்டைப் போட்ட ஃபிராங்க் சர்ச்சில் 1942-லேயே இறந்துபோனவர். எனக்குக் கேட்டால் இந்தப் படத்தின் சிறந்த கதாபாத்திரம் அந்த முதலைதான். ஒரு வார்த்தை பேசாது. கண்ணும் வாலும் கடிகார முள்மாதிரி தாளத்தோடு துடிக்கும். மௌனப் படத்தால் முடியாததை ஒலியும் கோடும் சேர்ந்து செய்துகாட்டின.

ஹூக்கை வரைந்த ஃபிராங்க் தாமஸுக்குத்தான் திண்டாட்டம். அவன் மினுக்கும் பகட்டுக்காரன் என்று ஒரு தரப்பு, பயமுறுத்தும் முரடன் என்று இன்னொரு தரப்பு. படம் இரண்டையும் வைத்துக்கொண்டது. பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும் ஒரு கொள்ளையனை ஹூக் எரிச்சலில் சுட்டுவிடுவான். பாட்டை முடிக்கக்கூட விடாமல் சுடுவது மரியாதையா என்று அவன் கையாள் ஸ்மீ வருத்தப்படுவான். கொஞ்ச நேரத்தில் அதே ஸ்மீ, கேப்டனின் முகத்துண்டுமேல் வந்து உட்கார்ந்த கடற்பறவையின் பின்பக்கத்துக்கு நுரை பூசிச் சுத்தமாகச் சவரம் செய்து முடிப்பான். முதலையைக் கண்டதும் அந்தக் கொலைகாரன் அலறிக்கொண்டு ஸ்மீயின் கைகளில் தாவி ஏறுவான். கொக்கியை இடது கைக்கு மாற்றியதும் இதற்காகத்தான் என்பார்கள்: எழுதவும் சைகை காட்டவும் அவனுக்கு வலது கை வேண்டும். நடிக்க ஒரு கை கொடுத்ததும் ஹூக் நகைச்சுவை நடிகன் ஆகிவிட்டான்.

அப்பாவுக்கும் ஹூக்குக்கும் ஒரே குரல், ஹான்ஸ் கான்ரீட். அந்த மரபு தப்பித்தது. ஆனால் ஹூக் சாகவில்லை. முதலை துரத்தத் துரத்த அடிவானம்வரை நீந்திக்கொண்டு போகிறான். கைதட்டல் காட்சியைத் தூக்கியே விட்டார்கள். பழங்குடியினரைக் காட்டிய விதமும் அதற்கான பாட்டும் அன்றைக்கே மோசம். பின்னாளில் ஓடிடியில் படத்துக்கு எச்சரிக்கை வாசகம் சேர்த்தார்கள்.

பேரி கேட்ட நேரடி உறவை மீட்டது சினிமா அல்ல, டிவி. பிராட்வேயில் ஓடிய இசை நாடகத்தை 1955 மார்ச் 7 அன்று என்.பி.சி. நேரலையாகக் கலரில் ஒளிபரப்பியது. பார்த்தவர்கள் சுமார் 6.5 கோடி என்று கணக்கு. பீட்டராகப் பறந்த மேரி மார்ட்டினுக்கு வயது 41. அவர் வரவேற்பறைகளைப் பார்த்துக் கை தட்டுங்கள் என்றபோது, அது அந்த நொடியில் நடந்துகொண்டிருந்தது. சிரில் ரிச்சர்டின் ஹூக் தன் ஆட்களையே வாத்தியக் குழுவாக வைத்துக்கொண்டு சதித்திட்டத்தை டேங்கோ மெட்டில் பாடுகிறவர். இந்த ஆளைப் பார்த்து எந்தக் குழந்தையும் அழுதிருக்காது. 1976 டிவி வடிவத்தில் டேனி கே, 2014 நேரலையில் கிறிஸ்டோபர் வாக்கன் என்று அந்த வரிசை நீண்டது. நடுவே 1987-ல் சோவியத் டிவி படம் ஒன்று, 1989-ல் ஜப்பானில் 41 பகுதி அனிமே ஒன்று.

1991-ல் ஸ்பீல்பெர்க் படத்தின் பெயரையே ‘ஹூக்’ என்று வைத்தார். பீட்டர் வளர்ந்து, செல்போனைக் கீழே வைக்காத வக்கீல் ஆகிவிட்டான். பழசு எதுவும் ஞாபகமில்லை. ஹூக் அவன் பிள்ளைகள் இருவரையும் கடத்துகிறான். எதற்கு? முதலில் பீட்டரைச் சண்டைக்கு இழுக்க, பிறகு அவர்களைத் தன்னை நேசிக்க வைக்க. பேரியின் அந்தப் புலம்பலை எடுத்துத் திரைக்கதையாக விரித்தது இந்தப் படம்தான். பீட்டராக வரும் ராபின் வில்லியம்ஸ், மகனின் பேஸ்பால் ஆட்டத்துக்குப் போக மறந்த அப்பா. ஹூக்காக வரும் டஸ்டின் ஹாஃப்மன், கொள்ளையர்களைத் திரட்டி அந்தப் பையனுக்காகவே பேஸ்பால் நடத்தும் மாற்று அப்பா. முதலையைக் கொன்று, பாடம் செய்து, ஊர் நடுவே கடிகாரக் கோபுரமாக நிறுத்திவைத்திருக்கிறான். பிள்ளையைக் கூட்டிவைத்துக்கொண்டு கடிகாரங்களைச் சுத்தியலால் நொறுக்கும் காட்சி ஒன்று உண்டு. படம் முழுக்க அது ஒன்றில்தான் பேரியின் மூச்சு கேட்கிறது. மற்றபடி, பழைய எம்.ஜி.எம். ஸ்டுடியோ தளங்களில் போட்ட செட்டுகள் தெரியும் அளவுக்குத் தீவு தெரியாது. இயக்குநருக்கே அந்தப் படம்மேல் பெரிய திருப்தி இல்லை என்று பிறகு சொல்லியிருக்கிறார். அதைச் சின்ன வயதில் பார்த்தவர்களோ இன்றும் விட்டுக்கொடுப்பதில்லை.

பேரிக்கு மிக நெருக்கமான படம் 2003-ல் வந்து தோற்றது. ஆஸ்திரேலியாவில் எடுத்தது, இயக்கம் பி.ஜே. ஹோகன். பீட்டராக நிஜமான பையன், ஜெரமி சம்ப்டர். ஜேசன் ஐசக்ஸ் அப்பாவாகவும் ஹூக்காகவும் வருகிறார். கொக்கி வலது கைக்குத் திரும்பியது. அவர் கப்பலில் முதலில் தோன்றும் இடத்தைக் கவனியுங்கள்: சட்டையில்லாத உடம்பு, வெட்டுப்பட்ட கையின் மொட்டை முனை, தோளைச் சுற்றி வார்களால் இறுக்கி மாட்டும் கொக்கி. அதுவரை ஹூக்கின் கொக்கி ஒரு நகை. இங்கேதான் அது ஊனமும் ஆயுதமும். சண்டையில் அவன் கத்தியைவிட அதிகம் நம்புவது வாயை. வெண்டி வளர்ந்துவிடுவாள், உன் இடத்தில் கணவன் என்று ஒருவன் வருவான் என்று பீட்டரிடம் சொல்கிறான். பறந்துகொண்டிருப்பவன் தரையில் விழுகிறான். அப்புறம் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஹூக்கைப் பார்த்து, கிழவன், தனியாள், கதை முடிந்தது என்று கோஷம்போட, அவனும் அதையே சொல்லிக்கொண்டு முதலைக்குள் விழுகிறான். கைதட்டலுக்கும் ஹோகன் வழி கண்டுபிடித்தார்: தட்டுவதற்குப் பதில், தேவதைகளை நம்புகிறேன் என்ற ஜெபம் தீவிலிருந்து லண்டன் படுக்கையறைகள்வரை பரவுகிறது. நம்மிடம் கேட்காமல் படத்துக்குள்ளேயே எல்லோரையும் சொல்லவைத்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் அன்று வெளியானபோது ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூன்றாம் பாகம் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நசுங்கிப்போனது. ஆனால் அதே வருஷம் ஜூலையில் இன்னொரு கப்பல் வந்திருந்தது: ‘பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்’. கண்ணுக்கு மை போட்ட கொள்ளையனே கதாநாயகன். அதன்பிறகு கொள்ளையனை வெறும் வில்லனாக வைத்துப் படமெடுப்பது கஷ்டமாகிவிட்டது. அடுத்த வருஷம் ஜானி டெப் பேரியாகவே ‘ஃபைண்டிங் நெவர்லேண்ட்’ படத்தில் நடித்தார்; நாடகத்துக்குப் பணம் போடும் ஃப்ரோமனாக வந்தவர் பழைய ஹூக், டஸ்டின் ஹாஃப்மன். ஹாலிவுட்டுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

2011-ல் டிஸ்னி மழலைகளுக்காகத் தொடங்கிய கார்ட்டூன் தொடரில் கொள்ளையர்களே குழந்தைகள்தான். ஹூக் பொம்மைக்கு ஆசைப்படும் மாமா. ‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’ தொடரில் ஹூக் அழகான காதலன், பீட்டர் ஈவிரக்கமற்ற வில்லன். 2015-ல் ‘பேன்’ படத்தில் ஹூக்குக்கு இரண்டு கையும் இருக்கிறது, பீட்டருக்கு அவன் தோழன். வில்லத்தனத்தைக் கருந்தாடி என்ற வேறு கொள்ளையனுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். பழங்குடிப் பெண் டைகர் லில்லியாக வெள்ளைக்கார நடிகையைப் போட்டதில் சர்ச்சை, வசூலிலும் அடி. நண்பன் எப்படி எதிரியானான் என்று சொல்லவேண்டிய அடுத்த பாகங்கள் வரவே இல்லை.

அதைச் சொன்னது 2023-ல் டேவிட் லோரியின் ‘பீட்டர் பேன் அண்ட் வெண்டி’. ஜூட் லாவின் ஹூக், தீவுக்கு வந்த முதல் சிறுவன்; பீட்டரின் உயிர்த்தோழன் ஜேம்ஸ். அம்மா ஞாபகம் வந்ததால் துரத்தப்பட்டவன். இதற்குப் பேரியிடமே ஆதாரம் உண்டு: பையன்கள் வளர்வதுபோல் தெரிந்தால், அது விதிக்கு விரோதம் என்பதால், பீட்டர் அவர்களைக் ‘குறைத்துவிடுவான்’ என்று நாவலில் ஒரு வரி வரும். எப்படி என்று பேரி சொல்லமாட்டார். இந்தப் படத்தில் அப்பாவாக நடிப்பவர் வேறொருவர், ஆலன் டூடிக். அது சரிதான், ஹூக் இனி அப்பா இல்லை, வளர்ந்துபோன பிள்ளை. ஆனால் மன்னிப்புக் கேட்டு, சமாதானம் பேசி, காயத்தை விளக்கி முடித்த பிறகு பயப்பட யாரும் மிச்சமில்லை. 2025-ல் வந்த ஒரு திகில் படத்தில் பீட்டரே குழந்தை கடத்துகிறவன். பேரியின் முதல் குறிப்பில் இருந்த பிசாசுப் பையன் 120 வருஷம் கழித்து, மட்டமான படமொன்றின் வழியாக, திரும்பி வந்துவிட்டான்.

இவ்வளவு பரிவையும் ஹூக்குக்கு வாரி வழங்கியவர்கள், நாவலின் கடைசி அத்தியாயத்தில் வரும் ஓர் இடத்தை மட்டும் பெரும்பாலும் தாண்டிப் போய்விட்டார்கள். ஸ்பீல்பெர்க் அதைத் திருப்பிப் போட்டு வைத்திருக்கிறார். அவர் படத்தில் தொப்பை வைத்த வக்கீலுக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை என்பதில்தான் ஹூக்குக்கு அவ்வளவு ஆத்திரம். நாவலில் பீட்டர் வளரவில்லை, வக்கீலும் ஆகவில்லை. ஒரு வருஷம் கழித்து, வசந்தகாலச் சுத்தம் செய்ய வெண்டியை அழைத்துப்போக வருகிறான். போகிற வழியில் அவள் பழைய கதை பேச ஆசைப்பட்டு கேப்டன் ஹூக்கைப் பற்றி எடுக்கிறாள்.

யார் அந்த கேப்டன் ஹூக் என்று ஆர்வமாகக் கேட்கிறான் பீட்டர். நீதானே அவனைக் கொன்றாய் என்கிறாள். கொன்ற பிறகு அவர்களை மறந்துவிடுவேன் என்று சாதாரணமாகச் சொல்கிறான். டிங்கர் பெல் என்னைப் பார்த்தால் சந்தோஷப்படுவாளா என்று வெண்டி கேட்கிறாள்.

டிங்கர் பெல் யார் என்கிறான்.